கடலைப் பார்த்த கழிவறைகள்

பல்கலைக்கழகம் கட்டிய அனுபவத்தை உங்கள் பொறியியல் மாணவர் மலருக்கு எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். நூலகத்தின் பெரிய கூரையைப் பற்றியோ, மண்டபத்தின் நீண்ட பீம்களைப் பற்றியோ எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றுக்கு உங்கள் பாடப்புத்தகங்களே போதும். நான் கழிவறையைப் பற்றி எழுதப் போகிறேன். முகத்தைச் சுளிக்காதீர்கள். என் வேலைக்காலத்தில் நான் மிகவும் யோசித்து எடுத்த முடிவு, ஒரு கழிவறை வாசலில் நின்று எடுத்ததுதான்.

இடம் உங்களில் பலருக்குத் தெரியும். புத்தளத்திலிருந்து கற்பிட்டிக்குப் போகும் வழியில், மாம்புரிப் பக்கம், மேற்கே கடலும் கிழக்கே உப்புநீர்க் களப்புமாக நடுவில் கிடந்த மணல் நிலம். அதில் ஓர் அரச பல்கலைக்கழகத்தின் புதிய வளாகம் எழும்பிக்கொண்டிருந்தது. பல்கலைக்கழகத்தின் சார்பில் வேலையை மேற்பார்வை செய்யும் பொறியியலாளராக நான் இருந்தேன். யுத்தத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வந்து புத்தளத்திலேயே தங்கிவிட்ட குடும்பம் எங்களுடையது. அந்த சைட்டில் சேலை கட்டிய ஒரே ஆள் நான்தான். அதை ஒரு பெருமையாகச் சொல்லவில்லை, பின்னால் வரும் கதைக்கு அது தேவை.

வேலையை எடுத்திருந்தது கொழும்புக் கொந்தராத்துக் கம்பனி ஒன்று. ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. வேலையில் ஒரு பங்கை அந்தப் பகுதி ஆட்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும், கொடுத்தால் மட்டும் போதாது, அவர்களுக்குப் பயிற்சியும் கொடுக்க வேண்டும். வளாகம் கட்டி முடியும்போது, பெரிய கட்டிடம் கட்டத் தெரிந்த ஆட்களும் ஊரில் இருக்க வேண்டும் என்பது நோக்கம். கேட்க அழகாக இருக்கும். சைட்டில் அது எப்படி இருக்கும் என்றால், வீடு கட்டிப் பழகிய கை ஒரு பக்கம், மில்லிமீற்றரில் கீறிய பிளான் ஒரு பக்கம், இரண்டுக்கும் நடுவில் நீங்கள்.

அப்படி வந்த குழுக்களில் ஒன்று நிஸ்தாருடையது. எத்தாளைக்காரர். நாற்பதை எட்டிக்கொண்டிருந்த மேசன். கூட வந்தவர்கள் எல்லாரும் பக்கத்து ஊர்ப் பொடியன்மார்தான். சீசனில் கடலுக்குப் போவார்கள், மற்ற நேரத்தில் வீட்டு வேலை. நிஸ்தார் ஏற்கெனவே இரண்டு முறை கட்டாரில் வேலை செய்துவிட்டு வந்தவர். மூன்றாம் முறைக்கு விசா வந்து, போக ஆயத்தமாகி நின்ற நேரத்தில்தான் எங்கள் வளாகத்தில் உள்ளூர்க் குழுக்களை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறார். விசாவை விட்டுவிட்டார். அவருக்கு ஒரு சின்ன மகள் இருந்தாள். முதல் முறை அவர் திரும்பி வந்தபோது பிள்ளை அவரை ‘அங்கிள்’ என்று கூப்பிட்டதாம். இதை அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவருடைய குழுவுக்கு ஆண்கள் விடுதியின் கீழ்மாடியைக் கொடுத்தோம். அதைச் சரியாக முடித்தால் மேல்மாடிகளும், பிறகு பெண்கள் விடுதியும் அவர்களுக்கே. பிழை விட்டால் கொழும்பிலிருந்து ஆட்கள் வருவார்கள். அதைச் செய்வதற்குக் கொந்தராத்துக்காரருக்கு என்னுடைய கையெழுத்தோடு ஒரு வரி போதும்: இந்தக் குழுவின் வேலை ஏற்றுக்கொள்ளக்கூடியதாக இல்லை. அந்த ஒரு வரிக்கு எவ்வளவு பாரம் என்று அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்திருந்தது. உங்களுக்கும் ஒருநாள் தெரியும்.

கம்பனியின் சைட் மெனேஜர் கெட்ட மனிதர் இல்லை. சிலாபத்துக்காரர், சிங்களவர், தமிழ் நன்றாகவே கதைப்பார். அவருக்கு அவருடைய பிரச்சினை. புதிய மாணவர்கள் வருவதற்குள் விடுதியை முடித்துத் தர வேண்டும். பழகிய ஆட்கள் இன்னொரு சைட்டில் வேலை முடிந்து சும்மா இருந்தார்கள். உள்ளூர்க் குழுக்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே, “மிஸ், நான் பில்டிங் கட்ட வந்தனா, ஸ்கூல் நடத்த வந்தனா?” என்பார். இரண்டுக்கும்தான் என்று நானும் விடாமல் சொல்லுவேன். அவர் தலையைச் சொறிவார். இது எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் கிழமைக்கொரு முறை நடக்கும் நாடகம்.

ஒருநாள் விடுதியின் கழிவறைப் பகுதியைப் பார்க்கப் போனேன். தரையில் ஓடு பதிப்பதற்கு முன் குழாய்களையும் கழிவறைப் பீங்கான்களையும் பார்த்து ஒப்புதல் கொடுக்க வேண்டும். உள்ளே நுழைந்ததும் வேறு ஏதோ கட்டிடத்துக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது. பிளானில் அறைகள் ஒடுக்கமாக, நீளமாக, கடல் பக்கச் சுவரைப் பார்த்தபடி வரிசையாக இருக்கும். இங்கே ஒவ்வோர் அறையும் அகன்று கிடந்தது. வரிசையில் ஓர் அறை குறைந்தும் இருந்தது. குந்துவதற்கான பீங்கான்கள் எல்லாம் பக்கவாட்டில் திரும்பியிருந்தன. ஒன்று தவறித் திரும்பியிருந்தால் கவனக்குறைவு என்று விடலாம். எல்லாமே ஒரே பக்கமாக, நூல் பிடித்த மாதிரி திரும்பியிருந்தன.

பிளானைக் கையில் விரித்துக்கொண்டு குனிந்து பார்த்தபோதுதான் பெரிய பிழை கண்ணில் பட்டது. பீங்கான் திரும்பினால் கழிவுக் குழாய் வெளியேறும் இடமும் மாறும். அதற்காகச் சுவரின் அடியில் ஓடும் பீமைக் கொத்தித் துளை போட்டிருந்தார்கள். உள்ளே இருந்த வளையக் கம்பி ஒன்று வெட்டுப்பட்டு, முனை மடங்கி வெளியே தெரிந்தது. மூன்று மாடி வரப்போகும் கட்டிடத்தின் பீம்.

நிஸ்தாரைக் கூப்பிட்டேன். வந்து தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டார்.

“இது என்ன நிஸ்தார்?”

“கொஞ்சம் திருப்பி வச்சோம் மிஸ்.”

“அது தெரியுது. ஏன் திருப்பினீங்கள்?”

“அப்புடி இருந்தா நல்லம் மிஸ்.”

“ஆருக்கு நல்லம்?”

“எல்லாருக்கும்தான்.”

அவருடைய ஆட்களைப் பார்த்தேன். அதுவரை சும்மா நின்றவர்களுக்குத் திடீரென்று சீமெந்து குழைக்க வேண்டிய அவசரம் வந்துவிட்டது. எனக்குக் கோபம் என்றால் அப்படியொரு கோபம். பயிற்சி வகுப்பில் பிளான் வாசிக்கச் சொல்லிக் கொடுத்தோம். மட்டம் பிடிக்க, கம்பி கட்ட எல்லாம் சொல்லிக் கொடுத்தோம். இவ்வளவும் கற்றுக்கொண்ட மனிதன் ஒரு வார்த்தை கேட்காமல் பீமை வெட்டிவிட்டு, நல்லம் என்று நிற்கிறானே என்று மனது கொதித்தது. நான் கத்தவில்லை. கத்தாத நேரத்தில்தான் என்னைக் கண்டு பயப்பட வேண்டும் என்று என்னோடு வேலை செய்தவர்களுக்குத் தெரியும்.

செய்தி எப்படியோ அதற்குள் மெனேஜரிடம் போய்விட்டது. வந்து பார்த்தார். துளைக்குள் விரலை விட்டுக் கம்பியைத் தொட்டார். “மிஸ், இண்டைக்கே அந்த வரிய எழுதித் தாங்க. நாளைக்கு விடிய பஸ்ல ஆக்கள் வந்து இறங்குவாங்க. நீங்க சொன்ன ஸ்கூல் முடிஞ்சுது,” என்றார். அவர் சொன்னதில் அநியாயம் எதுவும் இல்லை என்பதுதான் கஷ்டமாக இருந்தது. பின்னேரக் கூட்டத்தில் முடிவு சொல்கிறேன் என்றேன்.

அவர் போன பிறகும் நான் அந்தக் கழிவறை வாசலிலேயே நின்றேன். ளுஹர் என்னும் மதியத் தொழுகைக்கு நேரமாகியிருந்தது. ஆட்கள் வேலையை விட்டுக் கைகால் கழுவிக்கொண்டு வெளியே போனார்கள். கடல் பக்கச் சுவரில் ஜன்னலுக்கு விட்ட இடைவெளி இன்னும் திறந்தே கிடந்தது. அதன் வழியே பார்த்தேன். சாமான் கொட்டிலுக்கு அங்கால் மணலில் பாயை விரித்து நிஸ்தாரும் அவருடைய ஆட்களும் வரிசையாக நின்றார்கள். எனக்கு முதுகைக் காட்டி, கடலைப் பார்த்து.

கையில் பிளான் இருந்தது. பிளானில் கீறியிருந்தபடி பீங்கான்களை வைத்திருந்தால் அவை எந்தப் பக்கம் பார்த்திருக்கும் என்று பார்த்தேன். அதே பக்கம். ஒருவர் எப்படிக் குந்தினாலும் முகமோ முதுகோ, ஒன்று நேரே முஸ்லிம்கள் தொழும் திசையான கிப்லாவைப் பார்த்திருக்கும். புத்தளத்தில் இத்தனை வருடம் முஸ்லிம் வீடுகளுக்கு நடுவில் குடியிருந்தவள் நான். அந்தத் தேவைக்கு அவர்கள் அந்தப் பக்கம் முகமும் வைப்பதில்லை, முதுகும் வைப்பதில்லை என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. கொழும்பில் இருந்து பிளான் கீறிய கட்டிடக் கலைஞர் கடல் காற்றை நினைத்திருக்கிறார், குழாயின் நீளத்தை நினைத்திருக்கிறார். இது அவருக்கு நினைவில் வர நியாயமில்லை.

கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அதன் பக்கத்தில் வேறொன்றும் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த மனிதர்கள் ஒடுக்கமான அறைகளை இடித்து அகட்டி, மறுபடி கட்டி, குழாயை மாற்றி, எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள்! தங்களுக்காகவும் இல்லை. நாளைக்கு எங்கிருந்தோ வந்து தங்கப் போகிற பிள்ளைகளுக்காக. அதை ஒருவரிடமும் சொல்லாமல், சொல்ல வேண்டிய என்னிடம்கூடச் சொல்லாமல். ஏன் சொல்லவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. நான் என்னையே ஒரு முறை குனிந்து பார்த்துக்கொண்டேன். சேலை, பாதுகாப்புத் தொப்பி, சப்பாத்து. எந்த மனிதன் என்னிடம் வந்து, “மிஸ், மனுசர் கக்கூசில் எந்தப் பக்கம் பார்த்துக் குந்துவார்கள் தெரியுமா?” என்று தொடங்குவான்?

இனி என்ன செய்வது? இங்கேதான் உங்களுடைய கவனம் வேண்டும்.

விஷயம் எனக்குத் தெரிந்துவிட்டது. நானே மெனேஜரிடம் போய் விளக்கிச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன நடக்கும்? மிஸ் தன்னுடைய ஆட்களைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்று அவர் நினைப்பார். அது கிடக்கட்டும், அதைவிடப் பெரிய நட்டம் ஒன்று உண்டு. நிஸ்தாருக்காக நான் பேசினால், அடுத்த முறையும் நான் தற்செயலாகக் கண்டுபிடிக்கும் வரை அவர் வாயைத் திறக்க மாட்டார். அடுத்த முறை என் கண்ணுக்குத் தப்பினால்? சும்மா மன்னித்து விட்டாலும் அதே கதிதான். நல்ல காரணம் இருந்தால் பீமையும் வெட்டலாம் என்று ஒரு முழுக் குழுவும் படித்துக்கொள்ளும். நல்ல மனதோடு செய்யப்படும் ஆபத்தான வேலைதான் சைட்டில் எனக்கு எப்போதும் பயம். கெட்ட மனதோடு செய்பவனின் வேலையில் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியும்.

தொழுகை முடிந்து வந்த நிஸ்தாரிடம், “பின்னேரம் கூட்டத்துக்கு நீங்களும் வரவேணும். கட்டிடக் கலைஞரும் வந்திருக்கிறார். ஏன் திருப்பினனீங்கள் எண்டு அவையளுக்கு நீங்கள்தான் சொல்லவேணும்,” என்றேன்.

முகம் வெளுத்துவிட்டது. “மிஸ் சொல்லுங்களே. உங்களுக்குத்தான் வெளங்கிட்டுதே.”

“நான் சொன்னால் அது என்ர கதை. நீங்கள் கட்டினதுக்கு நீங்கள்தான் கதைக்கவேணும்.”

“என்னால ஏலா மிஸ்.”

“ஏலாதெண்டால் நான் அந்த வரியை எழுதவேண்டி வரும் நிஸ்தார்.”

இதைச் சொன்னபோது அவருடைய மகள் நினைவுக்கு வந்தாள். ஆனால் சொல்லத்தான் வேண்டியிருந்தது. அவர் கரண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

கூட்டம் நடப்பது பலகை அடித்த கொட்டிலில். ஒரு மேசை, நாலைந்து கதிரை, ஒரு மின்விசிறி. மெனேஜரும் கட்டிடக் கலைஞரும் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நிஸ்தார் உட்காரச் சொல்லியும் உட்காராமல் வாசலோடு ஒட்டி நின்றார். மேசன்மாரைப் பாஸ் என்றே கூப்பிடும் மெனேஜர் கேட்டார், “சொல்லுங்க பாஸ், ஏன் திருப்பினீங்க?” நிஸ்தார் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். மூடினார். மறுபடி திறந்தார். காது சிவந்து போய்விட்டது. மெனேஜர் பேனையால் மேசையில் தட்டத் தொடங்கினார். அந்தத் தட்டல் எனக்குத் தெரியும். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர் எழும்பிவிடுவார்.

“மிஸ், கோவிக்க வேணாம்,” என்றார் நிஸ்தார் கடைசியில், தரையைப் பார்த்துக்கொண்டு. “நீங்க கொஞ்சம் வெளிய நிண்டா நான் சொல்லுவன்.”

என்னுடைய கூட்டம். என்னுடைய சைட். பொறியியலாளரை வெளியே போகச் சொல்கிறார் மேசன். கட்டிடக் கலைஞர் என் முகத்தைப் பார்த்தார், என்ன வெடிக்கப் போகிறதோ என்று. நான் எழும்பினேன், கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய் நின்றேன். எத்தனையோ கூட்டங்களில் நான் இருந்து பேசியிருக்கிறேன். நான் இருந்ததைவிட எழும்பிப் போனது பிரயோசனப்பட்டது அந்த ஒரு கூட்டத்தில்தான்.

பலகைக் கொட்டில் என்று சொன்னேன் அல்லவா. உள்ளே ஊசி விழுந்தாலும் வெளியே கேட்கும். இது நிஸ்தாருக்கும் நன்றாகத் தெரியும், அந்தக் கொட்டிலை அடித்ததே அவர்தான். ஆனால் என் முகம் அவர் முன்னால் இல்லை. அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

“சேர், கடல் பக்கம்தான் நாங்க தொழுற பக்கம்,” என்று தொடங்கினார். பிறகு பாதி சிங்களம், பாதி தமிழ். “அந்தப் பக்கம் மூஞ்ச வச்சோ முதுக வச்சோ அதுக்குக் குந்துறல்ல சேர். ஊட்டுல சின்னப் புள்ளைக்கே அதச் சொல்லித்தான் வளக்கிற. பிளான்ல இருந்த மாதிரி வைக்க எங்கட ஒருத்தனுக்கும் கை வரல்ல. நாளைக்கு எங்கட புள்ளைகளும் இங்க படிக்க வரும். இதக் கட்டின எங்கட வாப்பாமாருக்கு இதுகூடத் தெரியல்லியா எண்டு அதுகள் கேக்குமே.”

உள்ளே ஒரு கதிரை நகர்ந்தது.

“அப்ப அத முதல்லயே சொல்லியிருக்கலாமே பாஸ்!” இது மெனேஜர்.

“எப்புடிச் சேர்? இஞ்சினியர் மிஸ்கிட்டப் போய் எப்புடிச் சேர் கக்கூசப் பத்திக் கதைக்கிற?”

உள்ளே இரண்டு பேரும் வெடித்துச் சிரித்தார்கள். வெளியே நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கிக்கொண்டேன். அந்த வழியாகச் சீமெந்து மூட்டை தூக்கிப் போனவர்கள் என்னை விநோதமாகப் பார்த்தார்கள். சிரிப்பு அடங்கியதும் மெனேஜரின் குரல் வேறு மாதிரி வந்தது.

“எங்கட வீட்டிலயும் புத்தர் வச்சிருக்கிற பக்கம் கால நீட்டிப் படுக்க அம்மா விடமாட்டா. தூக்கத்தில கால் அந்தப் பக்கம் போனாலும் இழுத்துத் திருப்பி விடுவா,” என்றார் அவர். “அது ஹரி, சரிதான். அது எனக்கு விளங்குது.”

கட்டிடக் கலைஞர் பென்சிலை எடுக்கும் சத்தம் கேட்டது. பீங்கான்களைத் திருப்பி வைப்பதால் வேறு யாருக்கும் ஒரு குறையும் இல்லை, கழிவறைப் பகுதியைக் கொஞ்சம் நீட்டிவிட்டால் குறைந்துபோன அறையும் திரும்பக் கிடைத்துவிடும் என்று சொல்லிக்கொண்டே கீறத் தொடங்கிவிட்டார். மற்ற மாடிகளுக்கும் பெண்கள் விடுதிக்கும் அப்படியே மாற்றிவிடலாம் என்றார்.

இங்கே கதையை முடித்தால் எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும் அப்படியே விட்டுவிட ஆசையாகத்தான் இருந்தது. கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனேன். நிஸ்தாரின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல வேண்டியிருந்தது.

“திசை சரி நிஸ்தார். நீங்கள் திருப்பினது சரி. பீமை வெட்டினது பிழை. அந்தச் சுவரை இறக்கி, பீமில அந்தத் துண்டை உடைச்சு, வெட்டுப்பட்ட கம்பிக்குப் புதுக் கம்பி சேர்த்துக் கட்டி, திரும்பக் கொங்கிறீட் போடவேணும். நீங்கள்தான் செய்யவேணும்.”

வெளிச்சம் அணைந்தது. மெனேஜர் முன்னால் சாய்ந்தார். “மிஸ், அதுக்குத்தான் சொல்றன். மனுசன் நல்லவர்தான். ஆனா ஒரு கக்கூசுக்காகப் பீம வெட்டினவங்க நாளைக்கு என்னத்த வெட்டுவாங்க?”

நியாயமான கேள்வி. அதற்கு மழுப்பலான பதில் சொல்லக் கூடாது. “வெட்டத் தெரியாமல் வெட்டேல்ல. கேட்கத் தெரியாமல் வெட்டினவை. நாங்கள் இவைக்கு எல்லாம் படிப்பிச்சனாங்கள், கேட்கப் படிப்பிக்கேல்ல. அதுக்கு எனக்கு ஒரு தவணை தாங்கோ. பிந்துற நாளுக்குப் பல்கலைக்கழகத்துக்கு நான் பதில் சொல்லுறன்,” என்றேன். அவர் நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்தார். கீழ்மாடி முடியும் வரை பார்ப்போம் என்றார். இன்னொரு முறை கேட்காமல் ஓர் ஆணி அடித்தாலும் அன்றைக்கே பஸ் வரும், அப்போது யாரும் எந்த வரியும் எழுதத் தேவையில்லை என்றும் சொன்னார். நான் சம்மதித்தேன். நிஸ்தாரும் தலையாட்டினார்.

சுவரை அவர்கள் இறக்கிய அன்று நான் அங்கே நின்றேன். தான் கட்டியதைத் தானே இடிப்பது எந்த மேசனுக்கும் லேசான காரியம் இல்லை. பீமை உடைத்துக் கம்பிகள் முழுதாக வெளியே வந்ததும், நிஸ்தார் தன் ஆட்கள் எல்லாரையும் கூப்பிட்டார். அந்த வளையக் கம்பி பீமைச் சுற்றி எப்படிப் போகிறது, வெட்டினால் எங்கே பிளக்கும் என்று விரல் வைத்துக் காட்டினார். எங்கள் பயிற்சி வகுப்பில் நான் இதையே படம் போட்டுச் சொல்லியிருந்தேன். அன்றைக்குத் தூங்கி வழிந்தவர்கள் எல்லாரும் இன்றைக்குக் கண்ணை எடுக்காமல் பார்த்தார்கள்.

பிறகு ஒரு வழக்கம் கொண்டு வந்தேன். காலையில் வேலை தொடங்கு முன், ஒவ்வொரு குழுவும் பிளானைப் பார்த்து என்னிடம் ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும். கேள்வி இல்லையா, அன்றைக்கு வேலை தொடங்காது. முதல் நாட்களில் வந்த கேள்விகளைக் கேட்டால் சிரிப்பீர்கள். “மிஸ், இண்டைக்கு மழ வருமா?” “மிஸ், இந்தப் பிளானக் கீறினவர் கலியாணம் முடிச்சவரா?” நான் முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். மழை பற்றியும் சொன்னேன், கலியாணம் பற்றியும் விசாரித்துச் சொன்னேன். மெனேஜர் தலையிலடித்துக்கொண்டார். ஆனால் கேட்டுக் கேட்டு நாக்கு பழகியது. மழைக்குப் பிறகு படிக்கட்டின் உயரம் வந்தது. அதன் பிறகு, இந்தச் சுவருக்கு மேலே வருகிற பாரம் எங்கே இறங்குகிறது என்று ஒருவன் கேட்டான். அந்தக் கேள்வியைக் கேட்டவன் அதுவரை கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவன். அன்றைக்கு முழுதும் நான் நல்ல மனநிலையில் இருந்தேன்.

ஒரு தடவை கொங்கிறீட் லொறி வந்து நிற்கும்போது நிஸ்தார் வேலையை நிறுத்திவிட்டார். பிளானில் இருக்கும் கம்பிக்கும் கட்டியிருக்கும் கம்பிக்கும் ஒத்துவரவில்லை என்றார். ஓடிப்போய்ப் பார்த்தேன். பிளான் சரி, கம்பியும் சரி. அவர்தான் பிளானைப் பிழையாக வாசித்திருந்தார். லொறி நின்ற நேரத்துக்கு மெனேஜர் கத்தப் போகிறார் என்று நினைத்தேன். அவர் நிஸ்தாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய் இருவருக்கும் பிளேன்ரீ கொண்டுவரச் சொன்னார். பெண்கள் விடுதி நிஸ்தாரின் குழுவுக்குத்தான் என்பது எனக்கு அந்தத் தேநீரிலேயே தெரிந்துவிட்டது. எழுத்தில் பிறகு வந்தது.

நீங்கள் வேலைக்குப் போகும் இடங்களிலும் உள்ளூர் ஆட்கள் இருப்பார்கள். ஏன் என்னிடம் கேட்கவில்லை என்று அவர்கள் மேல் பாயும் முன், உங்களிடம் கேட்க அவர்களுக்கு என்ன வழி இருந்தது என்று ஒரு தரம் பாருங்கள். சில நேரம் வழியை மறைத்துக்கொண்டு நிற்பது நீங்களாகவே இருப்பீர்கள். உங்களுடைய படிப்போ, பதவியோ, உங்களுடைய சேலையோகூட இருக்கலாம். விலகி நில்லுங்கள். அதற்காகப் பிழையைப் பிழை என்று சொல்லாமலும் விடாதீர்கள். இரண்டையும் ஒரே நாளில் செய்ய வேண்டி வரும், நெஞ்சு வலிக்கும், செய்யுங்கள்.

பெண்கள் விடுதியில் வேலை தொடங்கிய நாட்களில் ஒரு காலை, நிஸ்தார் கேள்வியோடு வந்தார். பூசாத கட்டுக்கல் சுவர்களுக்கு நடுவில் நாங்கள் நின்றிருந்தோம்.

“மிஸ், இண்டைக்குப் புள்ளைகள்ட கக்கூஸ் பக்கம் தொடங்குறோம். பிளான்ல இருக்கிறதத்தான் கட்டுவோம். ஆனா இதக் கீறினதும் ஆம்புள, கட்டுறதும் ஆம்புளயள். உள்ளுக்கு அந்தப் புள்ளைகளுக்கு என்னென்ன வேணுமெண்டு பொஞ்சாதிக்கிட்டயும் கேட்டன். வேல செய்ற, படிக்கிற பொம்புளயளுக்கு என்ன வேணுமெண்டு உங்கட மிஸ்கிட்டக் கேளுங்க எண்டா. நீங்க சொல்லுங்க.”

நான் வாயைத் திறந்தேன். மூடினேன்.

எனக்குத் தெரியாமல் இல்லை. என்னைவிட யாருக்குத் தெரியும்? எத்தனை சைட்டுகளில், ஒதுங்க இடமில்லாமல், தண்ணீர் குடிக்காமல் நாளைக் கடத்தியிருக்கிறேன். மாதத்தில் அந்த நாட்களில் எதை எங்கே வைப்பது, எங்கே போடுவது என்று தெரியாமல் எத்தனை முறை வயிற்று வலி என்று பொய் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறேன். இதில் ஒன்றைக்கூட ஓர் ஆணிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. அதனால்தானே ஒரு பிளானிலும் அவை ஏறவில்லை. இப்போது ஒருவர் எதிரில் வந்து நின்று கேட்கிறார், எனக்கு முகம் எரிகிறது.

நிஸ்தார் அதைக் கண்டார். சிரிக்கவில்லை. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். பூசாத சுவரில் பென்சிலை வைத்தார்.

“சொல்லுங்க மிஸ். நான் இங்கால பாத்துக்கொண்டு எழுதுறன்.”

“கதவுக்குப் பின்னால ஒரு கொக்கி,” என்றேன். “உயரமா. கை எட்டுற இடத்தில ஒரு சின்னத் தட்டு, பை வைக்க. மூடி போட்ட ஒரு வாளி வைக்கிறதுக்கு இடம், ஒவ்வோர் அறையிலும், வெளியில இல்ல. கதவுக்குக் கீழ இடைவெளி இருக்கக் கூடாது.”

அவர் எழுதிக்கொண்டே இருந்தார். நான் சொல்லிக்கொண்டே இருந்தேன், எல்லாவற்றையும்.